வலி விட்டது, புண் விடவில்லை

(யாழ்ப்பாணத்தில் வாழும் மலையகக் குடும்பங்களுக்காகச் சங்கம் நடத்திய கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



சம்பளம் பற்றியும் காணி பற்றியும் தலைவர் பேசிவிட்டார். எனக்குத் தந்திருக்கும் அரை மணித்தியாலத்தில் நான் பல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். வாயைத் திறந்து சிரித்தால் நான் எண்ணத் தொடங்கிவிடுவேன்.

ஒரு சங்கக் கூட்டத்தில் பல் எதற்கு? காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் குறைகிறதே, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். காய்ச்சல் என்பார்கள், இடுப்பு வலி என்பார்கள், அதற்கு அடுத்தது பல்லு வலி. என் வகுப்பில் ஒரு கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை இல்லாத கிழமையே இல்லை. மறுகிழமை அந்தப் பிள்ளையின் அம்மாவிடம், "கிளினிக்குக் கூட்டிப் போனீங்களா?" என்று கேட்பேன். பதில் எப்போதும் ஒன்றுதான். "வலி விட்டுருச்சு டீச்சர். இனி எதுக்கு டவுனுக்குப் போகணும்?"

நான் இன்று பேச வந்தது இந்த ஒரு பதிலைப் பற்றித்தான். அந்த அம்மாவைக் குறை சொல்ல வரவில்லை. டவுனுக்குப் போனால் ஒரு பேர் போகும், பஸ் காசு போகும். வலி விட்ட பிறகும் ஏன் போகவேண்டும் என்பதை யாரும் அவருக்கு அவர் மொழியில் சொல்லவில்லை.

முதலில் 'நரம்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் சுத்தப்படுத்திக்கொள்வோம். கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், பல்லு வலித்தால் அதையும் நரம்பு என்கிறோம். கையில் தெரிவது இரத்தக் குழாய். வைத்தியர் நரம்பு என்று சொல்வது வெள்ளையான மெல்லிய நூல். அதில் இரத்தம் ஓடாது, செய்தி ஓடும். சூடு, குளிர், அமுக்கம், வலி எல்லாம் அதன் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன.

இதையெல்லாம் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு ஒன்று சொல்லவேண்டும். இங்கிருந்து சில கட்டை தூரத்தில் மானிப்பாய் இருக்கிறது. சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, பிறகு அந்த ஊரில் இருந்துகொண்டு, நம் ஆட்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடலைத் திறந்து காட்டும் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற தமிழ் நூல் 1872 இல் வந்தது. எலும்புக்கும் தசைக்கும் நரம்புக்கும் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே இந்தக் குடாநாட்டில் தமிழில் பாடம் நடந்தது. அவர் மிஷனரியாக வந்தவர் என்பதும் தெரியும். அந்த வாதம் வேறு நாளைக்கு. இன்றைக்கு மலையில் ஒரு தொழிலாளி தன் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் கேட்டு அறிய முடியாமல் திரும்புகிறார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, பல்லுக்கு வருவோம்.

பல் வெளியே பார்த்தால் கல். நடுவில் ஒரு சிறிய அறை இருக்கிறது. அதற்குள் மிருதுவான சதை, இரத்தக் குழாய், நரம்பு எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. நாம் 'பல்லு நரம்பு' என்று மொத்தமாகச் சொல்வது அதைத்தான். அந்த அறையிலிருந்து வேருக்குள் ஒரு மெல்லிய குழாய் இறங்கும். வேரின் நுனியில் குண்டூசி முனை அளவு ஒரு துவாரம். இரத்தம் வருவதும் போவதும், நரம்பு நுழைவதும் அந்த வழியால்தான்.

நாம் பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பராவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. அடுப்பில் ஈர விறகு புகைந்தால் புகை எங்கே போகும்? கையில் முள் குத்தினால் கை வீங்கும், வீங்குவதற்கு இடம் இருக்கிறது. பல்லுக்குள் சொத்தை இறங்கி அந்தச் சதை அழன்றால் வீங்க இடமில்லை. அமுக்கம் எல்லாம் நரம்பின் மேல் விழும். இரவில் படுத்தால் தலைப்பக்கம் இரத்தம் கூடும், அமுக்கமும் கூடும். அதனால்தான் பகலெல்லாம் மலையில் தாங்கிய வலி ராத்திரியில் தலையணையைக் கடிக்க வைக்கிறது. (இங்கே யாழ்ப்பாணத்தில் சூத்தைப் பல் என்பார்கள், நாம் சொத்தைப் பல் என்போம். அவர்கள் முரசு என்பது நம்முடைய ஈறு. கிளினிக்கில் இந்தச் சொற்களை மாற்றிக் கேட்டால் பயப்படாதீர்கள்.)

இந்தக் கட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. பல்லுக்குள் இருக்கும் நரம்புக்கு வலி தெரியும், எந்தப் பல் என்று சொல்லத் தெரியாது. கீழ்ப் பல் கெட்டால் காது வலிக்கும். மேல்ப் பல் கெட்டால் நெற்றிப்பொட்டு வலிக்கும். காதுக்கு எண்ணெய் விடுவோம், நெற்றிக்குத் தைலம் பூசுவோம். முகத்துக்குச் செய்தி கொண்டுபோகும் பெரிய நரம்பு ஒவ்வொரு பக்கமும் ஒன்றுதான். அது மூன்று கிளையாகப் பிரிகிறது. ஒன்று கண், நெற்றிப் பக்கம், ஒன்று மேல்தாடை, ஒன்று கீழ்த்தாடை. கீழ்த்தாடைக் கிளை எலும்புக்குள் ஒரு குழாயில் ஓடி ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நூல் விட்டுக்கொண்டே போகும். ஒரே தண்டில் இத்தனை பேர் பேசினால் மூளைக்கு யார் பேசுகிறார் என்ற குழப்பம் வரத்தானே செய்யும்.

பிறகு ஒரு நாள் வலி நின்றுவிடும். பனடோல் கேட்டது, கராம்பு கேட்டது, சாமி கேட்டது என்று நினைப்போம். கராம்பு எண்ணெய்க்கு மரத்துப்போகச் செய்யும் குணம் உண்மையிலேயே உண்டு, நான் அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் முழுக்க நின்றுபோன வலிக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. அந்தக் காம்பராவுக்குள் இருந்த சதை செத்துப்போய்விட்டது. செய்தி சொல்ல ஆள் இல்லை.

செத்த சதைக்குள் கிருமிகள் குடியேறும். அங்கே இரத்த ஓட்டம் இல்லை, ஆகவே உடம்பின் காவல்காரர்கள் உள்ளே போக முடியாது. கிருமியும் அதன் நஞ்சும் வேர் நுனித் துவாரத்தால் வெளியே கசியும். வெளியே என்ன இருக்கிறது? தாடை எலும்பு. உடம்பு அங்கே காவல் போடும். எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து விலகும், அந்த இடத்தில் ஒரு சதைப் புண் வளரும். கையோடு கை மாறி வருகிறதே, அந்தச் சின்ன எக்ஸ்ரே பிலிமைப் பாருங்கள். வேர் நுனியில் மிளகு அளவு ஒரு கறுப்பு வட்டம் தெரிகிறதா? அந்த இடத்தில் எலும்பு இல்லை. பிலிமுக்கு உரியவர் தனக்கு வலியே இல்லை என்றுதான் சொன்னார்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பல்லு நரம்பு செத்துவிட்டது, இனி அங்கே நரம்பே இல்லை, அதனால்தான் வலி இல்லை என்று படித்தவர்களும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. செத்தது நரம்பின் நுனி. நரம்பின் தாய்க்கலம் பல்லிலேயே இல்லை. அது காதுக்கு உட்புறமாக, மண்டையோட்டின் அடித்தளத்தில் பத்திரமாக இருக்கிறது. கவ்வாத்து வெட்டின தேயிலையை நினைத்துப் பாருங்கள். மேலே ஒன்றும் இல்லை, தூர் உயிரோடு இருக்கிறது. மழை பட்டால் என்ன செய்யும்? தளிர் விடும்.

அதேதான் வேர் நுனியிலும் நடக்கிறது. புண் உள்ள இடத்தில் உடம்பு சுரக்கும் சில பொருட்கள் நரம்பை வளரச் சொல்பவை. பல்லைச் சுற்றியுள்ள சவ்விலும் எலும்பிலும் இருக்கும் உயிருள்ள நரம்பு நுனிகள் அந்தப் புண்ணை நோக்கித் தளிர் விடுகின்றன. இது ஊகம் இல்லை. நோயாளிகளிடமிருந்து எடுத்த இப்படிப்பட்ட புண்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, உள்ளே நரம்பு இழைகள் இருப்பதை லின், லாங்கலாண்ட் என்ற இருவர் 1981 இல் எழுதினார்கள். பிறகு அமெரிக்காவில் மார்கரெட் பயர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் எலிகளின் பல்லில், காயமும் அழற்சியும் வந்த இடத்தில் நரம்புகள் கிளைப்பதைக் காட்டினார்கள்.

அந்தத் தளிர்கள் சும்மா செய்தி மட்டும் கொண்டுபோவதில்லை. அவையே சில இரசாயனங்களைப் புண்ணுக்குள் விடுகின்றன. அதனால் அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரியும், காவல் கலங்கள் கூடும். தந்தி கொண்டுபோகிறவர் சண்டையிலும் இறங்கிவிட்ட மாதிரி. நரம்பு அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

அப்படியென்றால் ஏன் வலிக்கவில்லை என்று கேட்பீர்கள். மெதுவாக வளர்கிற புண், எலும்பு கரைந்து இடம் விட்டதால் அமுக்கம் இல்லை. சீழ் வெளியேற ஈறில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டால் இன்னும் நிம்மதி. அமுக்கம் இல்லாதவரை நரம்புகள் அமைதியாக இருக்கும். தட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். கடலையைக் கடித்தால் சுருக்கென்று இருக்கும். அந்தப் பல் மட்டும் மற்றப் பற்களை விட உயர்ந்து நிற்கிற மாதிரி இருக்கும். முன்னே எந்தப் பல் என்று தெரியாமல் காதைப் பிடித்தவர் இப்போது விரலை வைத்து "இதுதான்" என்று காட்டுவார். பல்லைச் சுற்றியுள்ள சவ்வின் நரம்புக்கு இடம் சொல்லத் தெரியும். விரல் வைத்துக் காட்ட முடிகிறது என்றால் பெரும்பாலும் நோய் பல்லுக்கு உள்ளே இருந்து வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து நமக்கு உதவுகிற இரண்டு மூன்று காரியங்கள் உண்டு.

மாத்திரை. கிருமிக்கு மாத்திரை போட்டால் வீக்கம் வற்றும், சில வேளை அது அவசியமும்தான். ஆனால் மாத்திரை இரத்தத்தோடு போகிற சாமான். செத்த வேர்க் குழாய்க்குள் இரத்தம் போகாது, மாத்திரையும் போகாது. கிருமி அங்கேயே இருக்கும், இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வரும். ஆகவே வேரைத் திறந்து சுத்தம் செய்து அடைக்கவேண்டும், இல்லாவிட்டால் பல்லை எடுக்கவேண்டும். இரண்டில் ஒன்று நடந்தால் எலும்பு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்ப நிரம்பும். தளிர் விட்ட நரம்பும் அடங்கும்.

ஊசி. "ஊசி போட்டும் மரக்கவே இல்ல, உயிரோட புடுங்குனாங்க" என்று நம் பெண்கள் சொல்வது பொய் இல்லை. அழற்சி முற்றிய இடத்தில் புளிப்புத்தன்மை கூடும், மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது. நரம்பும் தொட்டால் துள்ளுகிற நிலையில் இருக்கும். வீங்கி வெடிக்கிற நாளில் போவதை விட, வலி இல்லாத நாளில் போனால் ஊசி நன்றாக வேலை செய்யும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பல்லு டொக்டரிடம் போக நல்ல நாள் பல்லு வலிக்காத நாள்தான். மரக்கவில்லை என்றால் கையைத் தூக்கிச் சொல்லுங்கள். வேறு இடத்தில், நரம்பு தாடைக்குள் நுழையும் வாசலில் ஊசி போடும் முறையும் அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, பயப்பட வேண்டியது. நான் அறிந்த ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், ஒரு அண்ணன் மூன்று மாதம் வலியே இல்லாமல் இருந்தார். ஒரு நாள் காய்ச்சல், தாடைக்குக் கீழே வீக்கம். மறுநாள் இரவு எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தள்ளிக்கொண்டு வந்தது, மூச்சு இழுத்தது. வாகனம் கேட்டு வீட்டுக்காரி இரண்டு கதவு தட்டினார். கடைசியில் கொழுந்து லொறியில்தான் போனார். பிழைத்துவிட்டார், கழுத்தில் வெட்டின தழும்போடு. தாடைக்குக் கீழ் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம், மூச்சுக் கஷ்டம் இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். அது டிஸ்பென்சரி வேலை இல்லை, பெரிய ஆஸ்பத்திரி வேலை.

பல் வேருக்கு நோய் போக இன்னொரு பாதையும் உண்டு. ஈறு வழியாக. சொத்தையே இல்லாத பல்லும் ஈறு கெட்டு, எலும்பு இறங்கி, ஆடி விழும். இந்தப் பாதையைப் பற்றி உலகத்துக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவர்கள் யார் தெரியுமா? நம் ஆட்கள். 1970 இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் வைத்திய அறிஞரின் குழு பூண்டுலோயாவில் டன்சினன், ஹெரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. 14 வயதிலிருந்து 31 வயது வரை உள்ளவர்கள். பிரஷ், பற்பசை என்ற பழக்கம் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. சொத்தை மிகக் குறைவு, ஆனால் எல்லோருக்கும் ஈறில் அழற்சி. திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள், 1985 வரை. அப்போது முதலில் இருந்தவர்களில் 161 பேர்தான் மிஞ்சினார்கள். அந்தப் பதினைந்து வருடம் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் சனம் கப்பல் ஏறின காலமும்கூட என்பதை நான் நினைத்துக்கொள்வேன்.

அவர்கள் கண்டது இது. எல்லோர் வாயும் ஒரே மாதிரி அழுக்காக இருந்தும் நோய் ஒரே மாதிரிப் போகவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு வேகமாக எலும்பு இறங்கியது. 81 பேருக்கு நடுத்தரமாக. 11 பேருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. உலகத்தில் பல் வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் இந்த எட்டு, எண்பத்தொன்று, பதினொன்றைப் பாடமாகப் படிக்கிறார்கள். 2010 இல் மறுபடியும் தேடி வந்தபோது 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. இந்த நோயிலும் வலி பெரிதாக இல்லை. பல் ஆடும்வரை யாரும் முறையிடுவதில்லை.

அந்த ஆய்வால் நன்மை வந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களோடு ஒப்பிட்ட ஒஸ்லோ நகரத்து மாணவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பல் வைத்தியம் கிடைத்தது. நம் ஆட்களிடம் அது இல்லை என்பதுதான் அவர்களை ஆய்வுக்குப் பொருத்தமாக்கியது. இதைப் படித்த நாளில் எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை.

ஆகவே சங்கம் கேட்கப் போவது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கிளினிக் துண்டு காட்டினால் அன்றைக்கு அரைப் பேராவது போடவேண்டும். வலி வந்த நாளுக்கு மட்டும் இல்லை, வலி இல்லாமல் வேர்ச் சிகிச்சைக்குப் போகும் இரண்டாவது, மூன்றாவது தடவைக்கும். அரச வைத்தியசாலையில் பல் பிடுங்கக் காசில்லை. வேர்ச் சிகிச்சை எல்லா இடத்திலும் கிடையாது, பெரிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ அனுப்புவார்கள். பல தடவை போகவேண்டிவரும். அதனால்தான் பாதியில் விட்டுவிட்டு, கடைசியில் பல்லையே பிடுங்கிக்கொள்கிறோம். முப்பது வயதுப் பெண்ணுக்குக் கடைவாய்ப் பல் இல்லையென்றால் அது அவருடைய கவலையீனம் மட்டும் இல்லை, பேர் விழாது என்ற பயமும்தான். நடமாடும் பல் வைத்திய வண்டி டவுனோடு நிற்காமல் மேல் டிவிஷன் வரை வரவேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொத்தை காம்பராவுக்குள் இறங்குமுன் அடைத்துவிட்டால், நான் இவ்வளவு நேரம் பேசிய கதை எதுவும் நடக்காது.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.

(கேள்வி நேரத்தில் இருந்து)

கடை ஒன்றில் வேலை செய்யும் தம்பி: "டீச்சர், எனக்கு ஈறுல ஒரு கொப்புளம். வரும், தானா உடையும், திரும்ப வரும். வலியே இல்ல. அதுவா இது?"

அதுவாகத்தான் இருக்கும் தம்பி. நான் சொன்ன வாய்க்காலின் வாசல் அது. நசுக்கிவிடாதீங்க, ஊசியால குத்தாதீங்க. அடுத்த லீவு நாள்ல போய், "எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க"ன்னு கேளுங்க.

ஒரு பாட்டி: "மேல்ப் பல்ல புடுங்குனா கண்ணு போயிரும்னு சொல்றாங்களே?"

இல்லை பாட்டி. கண் பக்கத்துக்குப் போற கிளையும் மேல்ப் பல்லுக்குப் போற கிளையும் ஒரே தண்டில இருந்து வருது. அதனாலதான் பல்லு வலிச்சா கண்ணும் சேர்ந்து நோகுது. ஆனா பார்வைக்குன்னு இருக்கிற நரம்பு இதுல சேராத வேற நரம்பு. பல்லப் புடுங்குறதால அதுக்கு ஒண்ணும் ஆகாது.

"அப்ப திங்கக்கிழமை போகவா?"

போங்க பாட்டி. விடியவே போய் நம்பர் எடுத்துருங்க. வெறும் வயித்தோட போகாதீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. பிரஷர் மாத்திரைய வழக்கம் போல போடுங்க. சீனி வருத்தம் இருந்தாலும், இரத்தம் உறையாம இருக்க மாத்திரை போட்டாலும், ஊசி போடுறதுக்கு முன்னாலேயே டொக்டர்கிட்ட சொல்லிருங்க. மாத்திரைப் பையை அப்படியே கையில எடுத்துட்டுப் போங்க.